மூன்று ஊர்கள், ஒரே ஆவர்த்தனம்: இணையத்தில் கச்சேரி ஒத்திகை பார்த்த அனுபவம்

வீடியோ அழைப்பில் டீச்சர் பாட ஆரம்பித்த மூன்றாவது நொடியில் தம்பூரா காணாமல் போய்விட்டது. கும்பகோணத்தில் அவர் பக்கத்தில் எலக்ட்ரானிக் தம்பூரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. நங்கநல்லூரில் என் காதுக்கு மட்டும் அது வரவில்லை. அவர் மூச்சு எடுக்கும் இடங்களில் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்ததுபோல நிசப்தம். "சுருதி கேட்கிறதா தம்பி?" என்றார். கேட்கவில்லை என்றேன். பெட்டியை மைக் அருகே நகர்த்தி ஒலியைக் கூட்டினார். கொஞ்ச நேரம் கேட்டது, மறுபடியும் அமுங்கிவிட்டது.

டீச்சருக்கு வயது 71. தை மாதம் முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு சென்னைக்கு வர முடியவில்லை. நவராத்திரியில் கும்பகோணம் பக்கத்துக் கோயில் ஒன்றில் அவருக்குக் கச்சேரி. பத்தொன்பது வருடங்களாக அவருக்கு மிருதங்கம் வாசிக்கிறேன் என்பதால் என்னைப் பற்றிக் கவலை இல்லை. வயலின் வாசிக்க வந்த பெண் கோவையில் இருக்கிறார், டீச்சரோடு அவருக்கு இதுதான் முதல் கச்சேரி. ஆறு ஒத்திகையாவது வேண்டும் என்றார் டீச்சர். ஆறு முறை மூன்று பேரும் ஒரே ஊரில் கூட வழியில்லை. ஆடி மாதத்தில் தொடங்கிய இந்த வேலையை, இதே நிலையில் இருக்கும் கலைஞர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில் தம்பூரா. வீடியோ அழைப்புச் செயலிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. விட்டுவிட்டு வருவதைப் பேச்சு என்றும், மாறாமல் ஒலிப்பதை இரைச்சல் என்றும் அவை எடுத்துக்கொள்கின்றன. மின்விசிறிச் சத்தத்தை அகற்றுவது இப்படித்தான். தம்பூராவின் வேலையே மாறாமல் ஒலிப்பது! அதனால் அதையும் மின்விசிறியோடு சேர்த்துத் துடைத்துவிடுகிறது. செயலியின் ஒலி அமைப்புகளில் இரைச்சல் நீக்கத்தையும் எதிரொலி நீக்கத்தையும் அணைத்தேன். சில செயலிகளில் இசைக்கென்றே ஒரு தேர்வு இருக்கும், அதைப் போட்டாலும் போதும். தம்பூரா திரும்பி வந்தது. எதிரொலி நீக்கத்தை அணைத்தால் இரு பக்கமும் ஹெட்போன் கட்டாயம். இல்லாவிட்டால் ஒலி சுற்றிச் சுற்றி ஊளையிடும். இணையத்தில் பாட்டு வகுப்பு எடுக்கும் எல்லோரும் இந்த ஒரு மாற்றத்தையாவது இன்றே செய்துவிட வேண்டும். மாணவர்கள் பல மாதங்களாகச் சுருதியே கேட்காமல் பாடிக்கொண்டிருக்கக்கூடும்.

எதிரொலி நீக்கத்தால் இன்னொரு கேடும் இருந்தது. இருவர் ஒரே நேரத்தில் பாடினால் ஒருவர் குரலை அது அமுக்கிவிடும். குரு ஒரு வரி பாட, சீடர் அதைத் திருப்பிப் பாட என்று மாறி மாறிப் போகும் வகுப்புக்கு அது தெரியாது. கூடவே பாடும்போதுதான் தெரியும். நம் சங்கீதத்தில் பாதி கூடவே பாடித்தான் வருகிறது.

தம்பூரா வந்தும் தாளம் சேரவில்லை. மோகன வர்ணத்தை எடுத்தோம். இரண்டாவது ஆவர்த்தனத்திலேயே, அதாவது தாளத்தின் இரண்டாவது சுற்றிலேயே, காலப்பிரமாணம் (பாட்டின் வேகம்) தளர்ந்துவிட்டது. அவர் எனக்காகக் காத்திருக்கிறார், நான் அவருக்காகக் காத்திருக்கிறேன். இருவருமே இழுக்கிறோம்.

எவ்வளவு தாமதம் என்று அளந்து பார்க்க நினைத்தேன். டீச்சரின் பேரன் பிளஸ் டூ படிக்கிறான், கை சுறுசுறுப்பு. ஹெட்போனைக் கழற்றி மைக் அருகே வைக்கச் சொன்னேன். நான் இங்கே ஒரு 'தாம்' கொடுத்தேன். அது கும்பகோணம் போய், அந்த ஹெட்போனில் ஒலித்து, அந்த மைக்கில் நுழைந்து எனக்குத் திரும்பி வந்தது. இரண்டையும் சேர்த்துப் பதிவு செய்து, ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் அலைவடிவத்தைப் பெரிதாக்கி இடைவெளியைப் பார்த்தேன். 410 மில்லிநொடி. போக வர அவ்வளவு, ஒரு வழிக்கு ஏறக்குறைய 205.

இதைத் தாளத்தில் போட்டால் விளங்கும். நாங்கள் எடுத்துக்கொண்ட வேகம் நிமிடத்துக்கு 72 அட்சரம் (தாள எண்ணிக்கை). ஓர் அட்சரம் 833 மில்லிநொடி, அதை நான்காகப் பிரிக்கும் சதுரச்ர நடையில் கால் பங்கு 208. நான் 'தகதிமி'யில் 'த' வாசித்தால் அது டீச்சர் காதில் விழும்போது நான் 'க'வுக்குப் போய்விட்டேன். அவர் அதற்குப் பாடிய பதில் எனக்கு வரும்போது 'தி'யில் இருக்கிறேன். இதில் லயம் எப்படி நிற்கும்?

மேடையில் பாடகரும் மிருதங்கமும் இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்கிறார்கள். ஒலி காற்றில் நொடிக்கு 343 மீட்டர் போகிறது, ஆகவே அங்கும் 6 மில்லிநொடி தாமதம் உண்டு. அதை யாரும் உணர்வதில்லை. 25, 30 மில்லிநொடியைத் தாண்டும்போதுதான் சேர்ந்து இசைப்பது கடினமாகத் தொடங்குகிறது. திருவையாறு ஆராதனையில் பஞ்சரத்ன கோஷ்டியின் பின்வரிசையில் உட்கார்ந்து, ஒலிபெருக்கி எட்டாத மூலையில் பாடியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். முன்வரிசை முப்பது மீட்டர் தள்ளி இருந்தால் அங்கிருந்து வரும் குரல் 87 மில்லிநொடி பிந்தித்தான் வந்து சேரும்.

கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். கும்பகோணத்துக்கும் சென்னைக்கும் இடையே 300 கிலோமீட்டர் என்று வைத்தால் ஒன்றரை மில்லிநொடி. மீதி 200 எங்கே போகிறது? வைஃபையில், ஒலி அட்டையில், எங்கோ தூரத்து சர்வரில், ஒலி தடைபடாமல் இருக்கச் செயலி முன்கூட்டியே சேர்த்து வைக்கும் கிடங்கில். இந்தக் கணக்கைப் போட்டதும்தான் நம்பிக்கை வந்தது. தூரம் எங்களைத் தடுக்கவில்லை. தடுப்பவை ஒவ்வொன்றாகக் கழிக்கக்கூடியவை.

இணைய நிறுவனத்திடம் கேட்டால் 300 மெகாபிட் திட்டத்துக்கு மாறச் சொல்வார்கள். மாற வேண்டியதில்லை. எங்கள் ஒலிக்கு ஆளுக்கு ஒரு மெகாபிட்கூடத் தேவைப்படவில்லை. குழாய் எவ்வளவு அகலம் என்பதைவிட, தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் வந்து சேர்கிறது என்பதுதான் இதில் முக்கியம்.

இணையத்தில் சேர்ந்து இசைப்பதற்கான ஜாமுலஸ் என்ற மென்பொருளை எடுத்துக்கொண்டேன். வோல்கர் ஃபிஷர் என்பவர் 2006இல் தொடங்கியது. இலவசம், மூலநிரலும் திறந்தே இருக்கிறது. ஒலியைச் சுருக்க ஓப்பஸ் முறையைப் பயன்படுத்துகிறது. 2012இல் இணையத் தரமாக ஏற்கப்பட்ட ஓப்பஸ், ஒலியை மிகச் சிறிய துண்டுகளாக வெட்டி உடனுக்குடன் அனுப்பக்கூடியது. படம் கிடையாது, ஒலி மட்டும். நடுவில் ஒரு சர்வர் எல்லோருடைய ஒலியையும் வாங்கி, ஒவ்வொருவருக்கும் அவரவர் விரும்பும் அளவில் கலந்து அனுப்புகிறது. எனக்கு வாய்ப்பாட்டு தூக்கலாக வேண்டும், வயலின் கொஞ்சம் குறைவாக. கோவைக்கு நேர்மாறு. யாரையும் கேட்காமல் அவரவர் திரையில் நகர்த்திக்கொள்ளலாம். மேடை மானிட்டருக்காக ஒலியமைப்பாளரிடம் கெஞ்சிப் பழகிய எனக்கு இது பெரிய சுகமாக இருந்தது.

சர்வரை என் வீட்டிலேயே வைக்கப் பார்த்தேன், முடியவில்லை. என் இணைப்புக்குத் தனி முகவரி இல்லை. பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்வதால் வெளியிலிருந்து யாரும் என் கணினியின் கதவைத் தட்ட வழியில்லை. மாதம் ஐந்நூறு ரூபாய்க்குள் சிறிய மேக சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். ஒரு ஜிபி நினைவகம் போதுமானதாக இருந்தது. உபுண்டு இயங்குதளத்தில் ஜாமுலஸின் திரையில்லாப் பதிப்பை நிறுவி, ஒலி உள்ளே வரும் வாசலான 22124 என்ற யுடிபி துறையைத் திறந்துவிட்டேன். முதல் நாள் இந்தத் துறையைத் திறக்க மறந்து இரண்டு மணி நேரம் வீணாயிற்று. பொதுப் பட்டியலில் சேர்க்காமல் விட்டேன். முகவரி தெரிந்த மூவரைத் தவிர வேறு யாரும் தேடி வர மாட்டார்கள்.

எந்த ஊரில் சர்வர் என்பதுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய முடிவு. அவசரத்தில் முதலில் சிங்கப்பூரைத் தேர்ந்துவிட்டேன். கும்பகோணத்திலிருந்து அங்கே போய்த் திரும்பவே 60 மில்லிநொடிக்கு மேல் ஆயிற்று. அடுத்து பெங்களூரு. வரைபடத்தில் மூவருக்கும் நடுவே இருப்பதுபோலத் தெரிந்தது. கோவைக்கு நன்றாக இருந்தது. கும்பகோணத்துக்கு மட்டும் பிங், அதாவது போய்த் திரும்பும் நேரம், 46 மில்லிநொடி. போகும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட் கட்டளையைப் பேரனைக் கொடுக்கச் சொல்லி, வந்த வரிகளைப் படித்தேன். டீச்சர் வீட்டு ஒலி சென்னை வந்து, மும்பை போய், அங்கிருந்து பெங்களூரு திரும்புகிறது! சாலை வரைபடம் வேறு, இணைய வரைபடம் வேறு. மூன்றாவதாகச் சென்னையில் தரவு மையம் உள்ள சேவை ஒன்றுக்கு மாற்றினேன். எனக்கு 4, கும்பகோணத்துக்கு 11, கோவைக்கு 17. அன்று மாலை எனக்கு வேறு எந்த வேலையும் ஓடவில்லை.

அடுத்தது வீடுகள். கோவையில் அதிகச் சிக்கல் இல்லை. அந்தப் பெண்ணிடம் ஏற்கெனவே நல்ல மைக்கும், அதைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும் இருந்தன. ப்ளூடூத் ஹெட்போனை மட்டும் மாற்றச் சொன்னேன். ப்ளூடூத் தானாகவே 100, 200 மில்லிநொடியைத் தின்றுவிடும், மற்ற எதை எவ்வளவு சரிசெய்தாலும் பயன் இருக்காது. கம்பி வைத்த ஹெட்போன்தான்.

என் பக்கம் இரண்டு உள்ளீடுகள் கொண்ட இன்டர்ஃபேஸ் வாங்கினேன். மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலைக்கு ஒரு மைக், இடது முகமான தொப்பிக்கு ஒன்று. தொப்பி மைக்கை மிக நெருக்கி வைத்தால் கும்கி என்ற கனத்த ஒலி மட்டும் பூதாகாரமாகக் கேட்கிறது. ஒரு முழம் தள்ளி, சற்றுக் கீழிருந்து மேல் நோக்கி வைத்ததும் சமமாயிற்று. தாமதத்தைக் குறைக்க விண்டோஸில் ஏசியோ என்ற வகை டிரைவர் வேண்டும், இன்டர்ஃபேஸோடு வரும் டிரைவரே நல்லது. அதில் ஒலித் துண்டின் அளவு 128 மாதிரிகள் (ஒலியை அளந்தெடுக்கும் புள்ளிகள்) என்று வைத்தேன். நொடிக்கு 48,000 மாதிரிகள் என்றால் இது 2.7 மில்லிநொடி. 64க்கு இறக்கியபோது என் பழைய கணினி தாங்கவில்லை, ஒலி பொரிந்தது.

கும்பகோணத்துக்கு நேரில் போக வேண்டியிருந்தது. வீட்டின் முன்கூடத்தில் ரவுட்டர், பின்கட்டில் பாட்டு அறை, நடுவே இரண்டு தடித்த பழைய சுவர்கள். வைஃபையில் பிங் 12, 14, 13 என்று வந்துகொண்டே இருக்கும், திடீரென்று ஒரு 90. சராசரியைப் பார்த்தால் அழகாக இருக்கும். அந்த ஒரு 90தான் பாட்டை வெட்டும். அதைச் சமாளிக்கக் கிடங்கைப் பெரிதாக்கினால் தாமதம் எல்லா நேரத்துக்கும் கூடிவிடும். இருபது மீட்டர் லேன் கேபிளை ஜன்னல் ஓரமாக, நிலைப்படிக்கு மேலே கொண்டுபோய்ப் பொருத்தினோம். அதன் பிறகு 11, 11, 11.

மைக்கைச் செருகியதும் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். டீச்சர் உடனே, "இது என் சுருதி இல்லை" என்றார். அது 50 ஹெர்ட்ஸ் மின்சார முனகல். மடிக்கணினியின் சார்ஜரை, புவியிணைப்பு இல்லாத இரண்டு ஊசி அடாப்டர் வழியாகச் சொருகியிருந்தார்கள். சார்ஜரைக் கழற்றினால் முனகல் நின்றது. மூன்று ஊசி பிளக்கை நேராகச் சுவரில் செருகியதும் சார்ஜரோடும் நின்றது. ஐந்து கட்டைச் சுருதிக்காரரின் காது, கருவிகளைவிட முன்னால் கண்டுபிடித்துவிட்டது.

ஆவணி முதல் வெள்ளிக்கிழமை மூவரும் முதல்முறையாகச் சேர்ந்தோம். ஜாமுலஸ் காட்டும் மொத்தத் தாமதம் எனக்கு 25, டீச்சருக்கு 34, கோவைக்கு 38. தாமதம் எப்படி என்று காட்டும் விளக்கு பச்சை. இவை போக வரக் கணக்கு என்பதால், என்னுடையதில் பாதியையும் டீச்சருடையதில் பாதியையும் கூட்டினால் எங்கள் நடுவே ஒரு வழிக்கு 30 மில்லிநொடி வருகிறது. பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்து வாசிப்பதற்கு ஒப்பு. பெரிய மண்டபத்தின் இரண்டு ஓரங்கள், அவ்வளவுதான்.

ஆனாலும் காலம் தளர்ந்தது. வர்ணம் தொடங்கும்போது 72, அதன் சிட்டஸ்வரப் பகுதி முடியும்போது 66. ஏன் என்று புரிய இரண்டு ஒத்திகைகள் ஆயின. இந்த முறையில் நம் ஒலியையும் நாம் சர்வரிலிருந்து திரும்பி வருவதாகவே கேட்க வேண்டும். நான் தட்டியதும் தோலிலிருந்து நேராகக் கேட்பதை நம்பக் கூடாது, ஹெட்போனில் பின்தொடர்ந்து வரும் சொல்லைத்தான் என் சொல்லாகக் கொள்ள வேண்டும். அப்போதுதான் மூவரும் ஒரே இடத்தில், அதாவது சர்வரில், கூடுகிறோம். காதை முழுக்க மூடும் ஹெட்போனைப் போட்டு, தினம் அரை மணி நேரம் தனியாக அப்படி வாசித்துப் பழகினேன். முதல் நாள் ஒவ்வொரு 'நம்'மும் இரட்டையாக விழுந்தது. நான்காம் நாள் கை தானாகவே ஒரு நூலளவு முன்னால் போகக் கற்றுக்கொண்டது.

பாடுபவருக்கு இது நடக்காது. குரல் எலும்பு வழியாகவே காதுக்குப் போகிறது, அதை எந்த ஹெட்போனும் மறைக்காது. "என் குரல் எனக்குப் பின்னாலேயே நடந்து வருகிறது, பிடிக்கவில்லை" என்றார் டீச்சர். காதை மூடினால் சுருதியும் கலைகிறது என்றார். அவர் சொன்னதே சரி. அவர் திரையில் அவருடைய குரலை முழுக்க இறக்கிவிட்டு, ஒரு காதை மட்டும் மூடச் சொன்னேன். கூடவே ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. "எனக்காகக் காத்திருக்காதீர்கள் டீச்சர். நீங்கள் தாளத்தைப் போட்டுக்கொண்டு போய்க்கொண்டே இருங்கள், நாங்கள் வந்து சேர்கிறோம்." பத்தொன்பது வருடங்களில் நான் அவரிடம் இப்படிப் பேசியதில்லை. சிரித்துக்கொண்டே சரி என்றார். தொடையில் தாளத்தைக் கொஞ்சம் பலமாகவே போட்டார், அது மைக்கிலும் கேட்டது, அதுவும் உதவியது. மூன்றாவது ஒத்திகையில் வர்ணம் 72இல் தொடங்கி 71இல் முடிந்தது. நேரில் வாசிக்கும்போதுகூட எங்களுக்கு அவ்வளவு மாற்றம் உண்டு.

அன்று கல்யாணி ராகத்தில் நிரவல், அதாவது ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடுவது, போனோம். அவர் ஒரு வரியை மேல் ஷட்ஜம் வரை கொண்டுபோய் விட, வயலின் அதைப் பிடித்து இறங்க, நான் நடுவில் ஒரு சிறு முத்தாய்ப்பு வைக்க, மூவரும் அந்த வரி தொடங்கும் அரை இடத்தில் ஒன்றாக விழுந்தோம். கோவைப் பெண் "ஆஹா" என்றது பாட்டோடு சேர்ந்து சரியான இடத்தில் கேட்டது. வீடியோ அழைப்பில் அந்த 'ஆஹா' அடுத்த வரியின்மேல் வந்து விழுந்திருக்கும். ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஏழு மாதங்கள் ஆகியிருந்தன, அவரோடு வாசித்து.

முடியாதவையும் உண்டு. மிக வேகமான மூன்றாம் காலத்தில் கோர்வை (முடிப்புக்கான சொற்கட்டு) வைத்தால் விளிம்புகள் உரசுகின்றன. 72 வேகத்தில் அட்சரத்துக்கு எட்டுச் சொல் வாசித்தால் சொல்லுக்கு 104 மில்லிநொடி. அதில் 30 என்பது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அந்த இடங்களைச் சொல்லாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டோம், வாசிப்பதை நேரில் கூடும் நாளுக்கு வைத்துக்கொண்டோம்.

சர்வரில் ஒலிப்பதிவு வசதியை இயக்கி வைத்தேன். அது ஒவ்வொருவரின் ஒலியையும் தனித்தனிக் கோப்பாகச் சேமிக்கிறது. இதன் அருமை எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மிருதங்கத்தை மட்டும் எடுத்துவிட்டு மற்ற இரண்டையும் கலந்தால் என் மாணவர்களுக்குப் பக்கவாத்தியப் பயிற்சி. பதிவைக் கேட்டுக்கொண்டே, பாடகருக்கு வாசிப்பதுபோல வாசிக்கலாம். வயலின் மாணவர்களுக்கு வயலின் இல்லாத கலவை. டீச்சர் தன் மாணவிகளுக்குக் குரலும் தம்பூராவும் மட்டும் வைத்து அனுப்பினார். ஸ்டுடியோவில் மணிக்கணக்கில் வாடகை கொடுத்துச் செய்யும் வேலை, ஒத்திகையின் பக்கவிளைவாகக் கிடைத்துவிட்டது. ஐந்தாவது ஒத்திகையின் நடுவில் பதிவு நின்றுவிட்டது. ஸ்டீரியோவில் ஆளுக்கு நிமிடத்துக்குப் பதினொன்றரை எம்பி, மூவர் இரண்டு மணி நேரம் வாசித்தால் நான்கு ஜிபிக்கு மேல். சிறிய வட்டு நிரம்பிவிட்டிருந்தது. இப்போது ஒத்திகை முடிந்த இரவே கோப்புகளை இறக்கிக்கொண்டு அங்கே அழித்துவிடுகிறேன்.

கோப்புகள் யாருடையவை என்பதையும் அப்போதே பேசிக்கொண்டோம். 1994ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்து நம் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துபவருக்குத் தன் நிகழ்ச்சியின்மீது உரிமை தருகிறது. பக்கவாத்தியம் வாசிப்பவரும் நிகழ்த்துபவர்தான். மூவரும் ஒப்புக்கொள்ளாமல் எந்தப் பதிவும் வெளியே போகாது, காசு வந்தால் மூன்று சமப் பங்கு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டோம். பக்கவாத்தியக்காரர்களின் பெயர்கூட இல்லாமல் எத்தனையோ பதிவுகள் உலவுகின்றன. கோப்பின் விவரங்களிலேயே மூவர் பெயரும், ராகமும், தாளமும் இருக்கும்படி நிரப்பி வைத்திருக்கிறேன்.

ஆறாவது ஒத்திகையில், மிருதங்கம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின் நடுவே கும்பகோணத்தில் மின்சாரம் போயிற்று. மடிக்கணினியும் மின்விசிறியும் இன்வெர்ட்டரில் இருந்தன. ரவுட்டர் மட்டும் முன்கூடத்தில், அந்த இணைப்பில் இல்லாத பிளக்கில். டீச்சர் தாளம் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். நானும் மோரா என்ற முடிவுச் சொற்கட்டை முடித்துவிட்டுத்தான் நிறுத்தினேன், தனியாக. மறுநாள் பேரன் ரவுட்டருக்கென்று 12 வோல்ட் சிறு யுபிஎஸ் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டான்.

டீச்சரின் மாணவிகளில் ஒருவர் சிங்கப்பூரில் இருக்கிறார், இன்னொருவர் நியூஜெர்சியில். நியூஜெர்சிக்கு இது ஆகாது. 13,000 கிலோமீட்டருக்கு ஒளிக்கே 65 மில்லிநொடி வேண்டும், எந்தக் கருவியும் அதைக் குறைக்காது. அவருக்குத் தம்பூரா கேட்கும்படி அமைத்த பழைய வீடியோ அழைப்புதான். சிங்கப்பூரை முயலலாம். சென்னையிலிருந்து அங்கே 2002 முதல் 3,200 கிலோமீட்டர் நீளத்தில் கடலடிக் கேபிள் ஒன்று ஓடுகிறது, ஒளிக்கு 16 மில்லிநொடி. அவர் இணைப்பிலிருந்து எங்கள் சர்வருக்கு பிங் 38 என்று நேற்று அனுப்பியிருந்தார். மெதுவாகப் போகும் விளம்ப காலக் கீர்த்தனை ஒன்றைச் சேர்ந்து பாட அது போதும் என்பது என் கணிப்பு. வரும் ஞாயிறு காலை சிங்கப்பூர் நேரம் ஒன்பதரைக்கு, நமக்கு ஏழு மணிக்கு, முயல்கிறோம். ஏழு மணிக்கெல்லாம் தம்பூராவைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார்.